குழந்தையைக் கடைசியில் கூப்பிடுங்கள்: வெளியிடத்தில், இயற்கை வெளிச்சத்தில் சிறுவர்களைப் படம் எடுக்க முழு வழிகாட்டி

மதுரையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பெற்றோர் சிலருக்குக் கேமரா பிடிக்கச் சொல்லித் தருகிறேன். புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை கட்டி, பூ வைத்து, கூட்டி வந்து நிறுத்திவிடுவார்கள். அப்புறம்தான் இடம் தேடுவார்கள். இடம் கிடைத்ததும் கேமராவை உயிர்ப்பித்து, மெனுவுக்குள் போவார்கள். அவர்கள் நிமிரும்போது பிள்ளை செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அழுதுகொண்டிருக்கும்.

மூன்று வயதுக் குழந்தை இருபது நிமிடம் உங்களோடு ஒத்துழைத்தால் அதுவே பெரிய விஷயம். அந்த இருபது நிமிடத்தையும் படம் எடுக்கவே செலவழிக்க வேண்டும். அதனால் வரிசை இது: நேரம், இடம், பின்னணி, கேமரா, கடைசியில் குழந்தை.

இங்கே சொல்வது ஒன்று முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கு. ஆறு மாதத்துக்கும் குறைந்த கைக்குழந்தையை நேர் வெயிலில் வைக்கவே வேண்டாம். அதற்கு வீட்டு ஜன்னலோரம் போதும்.

1. நேரம்: கடிகாரத்தைவிட நிழலை நம்புங்கள்

வெயிலில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். அது உங்கள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு நீண்டிருந்தால் எடுக்கத் தொடங்கலாம். அப்போது சூரியன் ஏறக்குறைய 27 டிகிரி உயரத்தில் இருக்கும். வெளிச்சம் பக்கவாட்டில் வருவதால் கண்குழிக்குள்ளும் அது நுழையும். நிழல் குட்டையாக இருந்தால் வெளிச்சம் உச்சியிலிருந்து விழுகிறது என்று அர்த்தம். நெற்றியும் மூக்கும் வெளுக்கும், கண் இரண்டும் கறுத்த பள்ளமாகும்.

நம் ஊர்க் கணக்கில் இது காலை எட்டு மணி வரை, மாலை நாலரைக்கு மேல். மாதத்துக்கு மாதம் கொஞ்சம் முன்பின் ஆகும்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துக் கற்றவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். லண்டன் போன்ற ஊர்களில் கோடை மாலையில் சூரியன் சாய்வாக, மெதுவாக இறங்கும். பொன் வெளிச்சம் வெகுநேரம் நிற்கும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மதுரை சுமார் 10 டிகிரி வடக்கு, சென்னை 13 டிகிரி. இங்கே சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்கும். மஞ்சள் வெளிச்சம் அரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். ஆறு மணி வெளிச்சம் வேண்டுமென்றால் ஐந்து மணிக்கே அங்கே இருக்க வேண்டும்.

காலையா மாலையா என்று கேட்டால் நான் காலை என்பேன். தூங்கி எழுந்து, பால் குடித்த பிள்ளைக்கு அலுப்பு இருக்காது. தரையும் சுடாது. மாலையில் ஆறு மணிக்கு மேல் கொசு வேறு.

2. இடம்: முஷ்டியை மடக்கிச் சுற்றிப் பாருங்கள்

முந்தின நாள் அதே நேரத்துக்குத் தனியாகப் போங்கள். கையை நீட்டி, முஷ்டியை மடக்கி, அதையே குழந்தையின் முகமாக நினைத்துக்கொண்டு மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுங்கள். விரல் மடிப்புகளில் வெளிச்சம் மாறிக்கொண்டே வரும். ஒரு பக்கம் திரும்பும்போது மடிப்பின் நிழல்கள் மென்மையாகி, கை முழுதும் ஒரே சீராகத் தெரியும். குழந்தையின் முகம் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

புதியவர்களுக்கு நான் சொல்லும் முதல் இடம் நிழலின் ஓரம். மரத்தடி, திண்ணை, கார் நிற்கும் போர்டிகோ, கோயில் வெளி மண்டபத்தின் விளிம்பு, எதுவானாலும் சரி. நிழலுக்குள் ஓர் அடி தள்ளிக் குழந்தை, முகம் வெளியே திறந்த வானத்தைப் பார்த்தபடி. வானம் பெரிய விளக்காக வேலை செய்யும். கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். அந்தப் புள்ளி இல்லாத கண் படத்தில் உயிரற்றுத் தெரியும். நிழலின் நடுவுக்குப் போய்விட்டால் புள்ளியும் போய்விடும், முகமும் மந்தமாகிவிடும்.

எல்லா மர நிழலும் ஒன்றல்ல. வேம்பு அழகான மரம், படத்துக்குத் தொல்லை. இலை இடுக்கில் வெயில் ஒழுகி, முகத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி விழும். அதைப் பிறகு செயலியில் சரியாக எடுப்பது கஷ்டம். புங்கமரம், ஆலமரம் மாதிரி அடர்ந்த நிழலாகப் பாருங்கள். கீழக்குயில்குடி சமணர் மலையடிவாரத்தில் ஆலமர நிழலில் எடுப்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் பக்கத்திலேயே தாமரைக்குளம் இருக்கிறது. அங்கே போனால் குழந்தையின் பின்னாலேயே நடக்க, வேறு வேலையே இல்லாத பெரியவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். கடற்கரை, கண்மாய்க் கரை, கைப்பிடிச் சுவர் குட்டையான மாடி, எல்லாவற்றுக்கும் இதே விதிதான். கேமராவுக்குள் பார்க்கிறவருக்கு வெளியே நடப்பது தெரியாது.

தரையையும் கவனியுங்கள். தரையில் பட்ட வெளிச்சம் தாடைக்குக் கீழிருந்து மேலே வரும். வெளிர் சிமெண்டுத் தரையும் மணலும் முகத்தை நன்றாக ஏற்றிக் கொடுக்கும். புல்தரை தாடையைப் பச்சையாக்கும். சிவப்புத் தட்டோடு பதித்த மொட்டை மாடியில் அக்கா மகளை ஒரு முழுக் காலை நேரம் எடுத்தேன். கேமராத் திரையில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால் எல்லாப் படத்திலும் கழுத்தும் தாடையும் செங்கல் நிறம். அன்றிலிருந்து தட்டோட்டு மாடியில் ஒரு வெள்ளைப் போர்வையை விரிக்காமல் எடுப்பதில்லை.

3. பின்னணி: குழந்தையின் உயரத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்

நின்றபடி பின்னணி பார்ப்பதில் பயனில்லை. நீங்கள் படம் எடுக்கப்போவது குழந்தையின் கண் மட்டத்தில். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது உங்கள் இடுப்புக்கும் கீழே. உட்கார்ந்தவுடன், நின்றபோது தெரியாத குப்பைத் தொட்டியும் பைக் சக்கரமும் கண்ணில் படும்.

மேலிருந்து எடுத்தால் தலை பெரிதாகவும் கால் சூம்பியும் தெரியும். பின்னணியாகத் தரை மட்டுமே கிடைக்கும். பழைய பாய் ஒன்றைக் கொண்டுபோய், முழங்காலிட்டோ குப்புறப் படுத்தோ எடுங்கள். புதியவர்கள் இதற்குக் கூச்சப்படுகிறார்கள். படம் தேறாமல் போவதற்கு அந்தக் கூச்சம் பெரிய காரணம்.

குழந்தைக்கும் பின்னணிக்கும் நடுவே நாலைந்து மீட்டராவது இடைவெளி விடுங்கள். சுவரை ஒட்டி நிறுத்தினால் சுவரின் காரையும் சுவரொட்டியும் குழந்தை அளவுக்கே தெளிவாக விழும். தலைக்கு நேர் பின்னால் கம்பமோ கொடிக்கயிறோ இருந்தால் நீங்கள் ஓர் அடி நகருங்கள். குழந்தையை நகர்த்துவதைவிட அது சுலபம்.

4. கூடவே ஒரு தெர்மாகோல் அட்டை

விலை உயர்ந்த ரிஃப்ளெக்டர் (வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் தட்டி) தேவையில்லை. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஒரு மீட்டர் நீளத் தெர்மாகோல் அட்டை போதும். வெளிச்சம் வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், குழந்தையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, சற்றே சாய்த்துப் பிடிக்க வேண்டும். முகத்தின் இருண்ட பாதி மெல்ல எழும்பும். காற்றடித்தால் அட்டை பறந்துவிடும். அப்போது அப்பாவின் வெள்ளை வேட்டியை இருவர் விரித்துப் பிடித்தால் அதே வேலையைச் செய்யும்.

வெள்ளி நிறத் தாள் ஒட்டிய அட்டை வேண்டாம். அது வெயிலை அப்படியே கண்ணில் அடிக்கும். பிள்ளை கண்ணைச் சுருக்கும், இரண்டு நிமிடத்தில் அழும்.

5. கேமராவை வீட்டிலேயே அமைத்துவிடுங்கள்

பேட்டரி, மெமரி கார்டு இரண்டையும் முந்தின இரவே பார்த்துவிடுங்கள். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஷட்டர் வேகம், அதாவது கேமரா எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பதுதான் முதல் முடிவு. நொடிக்கு இரண்டு மீட்டர் ஓடும் குழந்தை 1/125 நொடிக்குள் 16 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். முகம் கலங்க அது போதும். 1/1000 என்றால் நகர்வு 2 மில்லிமீட்டர்தான். ஆகவே உட்கார்ந்து விளையாடும் பிள்ளைக்கு 1/250, நடந்தால் 1/500, ஓட்டம், குதி, ஊஞ்சல் என்றால் 1/1000.

இதற்கு எளிய வழி, மோட் டயலை அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) உங்கள் கையில் இருக்கும் முறைக்கு, அதாவது நிக்கான், சோனியில் ‘ஏ’ (A), கேனானில் ‘ஏவி’ (Av) என்று வைத்து, ஆட்டோ ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமராவே தன் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் வசதி) இயக்கி, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/500 என்று மெனுவில் கொடுத்துவிடுவது. சில கேமராக்களில் அந்த வசதி இருக்காது. அப்போது ஷட்டர் முன்னுரிமைக்கு மாறி 1/500ஐ நீங்களே வைத்துவிடுங்கள். ஐஎஸ்ஓ 1600 வரை போனாலும் கவலை வேண்டாம். புள்ளிப்புள்ளியாகத் தெரிவதைப் பிறகு குறைக்கலாம். கலங்கிய படத்தை மீட்பது கஷ்டம்.

அப்பர்ச்சர் எஃப் 2.8க்கும் 4க்கும் நடுவில் இருக்கட்டும். இந்த எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும், தெளிவாக விழும் ஆழம் குறையும். 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வாங்கியவர்கள் எல்லோரும் 1.8லேயே எடுக்க ஆசைப்படுவார்கள். ஒரு மீட்டர் தூரத்தில் அந்த லென்ஸில் தெளிவாக விழும் ஆழம் மூன்று நாலு சென்டிமீட்டர்தான். முகம் லேசாகத் திரும்பினால் ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல். அசையாமல் தூங்கும் பிள்ளைக்கு 1.8 சரி. விழித்திருக்கும் பிள்ளைக்கு 2.8.

ஃபோகஸைத் தொடர் ஃபோகஸில் வையுங்கள். நிக்கான், சோனியில் அது ஏஎஃப்-சி, கேனானில் சர்வோ. ஒருமுறை பிடித்து நிற்கும் ஃபோகஸில், நீங்கள் பொத்தானை அழுத்துவதற்குள் குழந்தை அரையடி முன்னால் வந்திருக்கும். கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் வசதி இருந்தால் அதையும் இயக்குங்கள். தொடர் படப்பிடிப்பு வேண்டும், ஆனால் மூன்று நான்கு படமாகச் சிறு சிறு அடுக்காக. விரலை எடுக்காமல் அழுத்தினால் சரியான நொடியில் கேமரா படங்களைச் சேமித்துக்கொண்டு உறைந்து நிற்கும்.

6. கைபேசியில் எடுப்பவர்களுக்கு

முதலில் லென்ஸைத் துடையுங்கள். பிள்ளை இருக்கும் வீட்டில் கைபேசி லென்ஸில் எண்ணெய்க் கறையும் பிஸ்கட் தூளும் இல்லாமல் இருப்பது அபூர்வம். சூரியனை நோக்கி எடுக்கும்போது அந்தக் கறை படம் முழுக்கப் புகை மூட்டமாகும்.

திரையில் முகத்தைத் தொட்டு, பிறகு பக்கத்தில் தோன்றும் வெளிச்ச அளவை விரலால் சற்று இறக்குங்கள். கைபேசிகள் வானத்தையும் வெள்ளைச் சட்டையையும் வெளுக்க விடும். அவற்றில் விவரம் அழிந்தால் திரும்ப வராது. கொஞ்சம் இருண்ட முகத்தைப் பிறகு ஏற்றலாம்.

பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடு, ஓடும் பிள்ளைக்கு உதவாது. முடியையும் காதையும் பின்னணி என்று நினைத்து அழித்துவிடும். மிக நெருங்கிப் போய் எடுத்தால் மூக்கும் நெற்றியும் புடைத்துத் தெரியும். இரண்டு மடங்கு பெரிதாக்கும் (2x) லென்ஸ் தனியாக இருந்தால் அதைப் போட்டு இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். ‘பியூட்டி’ வசதியைத் தேடிப் பிடித்து அணையுங்கள். குழந்தையின் தோலுக்கு அழகு சேர்க்க ஒரு செயலியால் முடியாது.

7. உடை, மை, பவுடர், சோறு

ஜரிகை வைத்த பட்டு நேர் வெயிலில் கண்ணைப் பறிக்கும் வெள்ளைத் திட்டாகிவிடும். நிழலில் அதே பட்டு அருமையாக இருக்கும். பளீர்ப் பச்சை, பளீர் ஆரஞ்சு சட்டைகள் தம் நிறத்தைத் தாடையில் ஏற்றும். பழகிய பருத்தித் துணி மேல். புதுத் துணி குத்தினால் பிள்ளை சொரிந்துகொண்டே இருக்கும்.

பவுடர் அப்பாதீர்கள். மாநிறத் தோலில் அது சாம்பல் திட்டாகத் தெரியும். முகத்தில் வழியும் தேங்காய் எண்ணெயை மட்டும் ஒற்றி எடுங்கள். தலையில் இருக்கும் எண்ணெய் இருக்கட்டும், அது ஒன்பதாவது படியில் உதவும். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டையும் அழிக்காதீர்கள். பத்து வருடம் கழித்து எல்லோரும் முதலில் தேடுவது அதைத்தான்.

தூக்கம் முடிந்து, சாப்பாடு முடிந்து முக்கால் மணி நேரம் கழித்து எடுப்பது நல்லது. பசியோடு வந்த பிள்ளைக்குச் சாக்லேட் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் வாய், கை, சட்டை எல்லாம் சாக்லேட்டாகும். பொரியும் முறுக்கும் என்றால் அப்படிக் கறை படியாது.

8. இப்போது குழந்தையைக் கூப்பிடுங்கள்

முதல் ஐந்து நிமிடம் கேமராவை மடியிலேயே வைத்திருங்கள். இடத்தைச் சுற்றிப் பார்க்கட்டும். தரையைத் தொட்டுப் பாருங்கள், சுடுகிறதா, எறும்பு இருக்கிறதா என்று.

பெரியவர்களில் ஒருவர் மட்டும் பேச வேண்டும். இதை முன்பே சொல்லிவிடுங்கள். அப்பா ஒரு பக்கம் “பாப்பா, இங்க பாரு”, அம்மாச்சி இன்னொரு பக்கம் கைதட்டல், சித்தப்பா விசில். குழந்தை எந்தப் பக்கம் பார்க்கும்? பேசுகிறவர் கேமராவுக்குப் பின்னால், உங்கள் தோளை ஒட்டி உட்கார வேண்டும். அப்போதுதான் பார்வை லென்ஸுக்கு வரும்.

“சிரி” என்று சொல்லாதீர்கள். சொன்னால் பல்லைக் கடித்துக் கழுத்தை நீட்டும். அதற்குப் பதில் ஒரு வேலை கொடுங்கள். ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளையை அம்மாவிடமிருந்து அப்பாவிடம் நடக்க விட்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். முகம் தானாகவே உங்களை நோக்கி வரும். மூன்று, நான்கு வயதுக்கு, கூழாங்கல் பொறுக்கி ஒரு சொம்பில் போடச் சொல்லுங்கள். பெரியவர் வேண்டுமென்றே தப்பாகப் பேசுவதும் பலிக்கும். ஆட்டைக் காட்டி “இது நாய்தானே?” என்று கேட்டால் வரும் சிரிப்பை வேறு எந்த வித்தையாலும் வரவழைக்க முடியாது. ஐந்து, ஆறு வயதுக்காரர்களிடம் கேமராவைக் கொடுத்து உங்களை ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் அவர்கள் உங்களுக்கு ஒத்துழைப்பார்கள்.

ஒவ்வொரு படம் எடுத்ததும் திரையைக் குனிந்து பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். நல்ல நொடிகள் பாதி அந்தக் குனிதலில்தான் போகின்றன. முதல் பத்துப் படத்தில் ஒருமுறை, திரையில் குழந்தையின் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள், வெளிச்சமும் ஃபோகஸும் சரியா என்று. அதன்பின் முடியும்வரை பார்க்க வேண்டாம்.

அழுதால் நிறுத்துங்கள். அழுகையையும் ஒரு படம் எடுக்கலாம், ஒன்றே ஒன்று. அடம் பிடிக்கும் பிள்ளையை வற்புறுத்தினால் அடுத்த வாரம் கேமராப் பையைப் பார்த்ததுமே ஓடும்.

9. சூரியனைக் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் வைப்பது

இதைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிழலோரப் படங்கள் கையில் இருந்தால் இங்கே தவறினாலும் நஷ்டமில்லை. பலர் இதிலிருந்து தொடங்கி, கறுத்த முகங்களோடு வீடு திரும்புகிறார்கள்.

சூரியன் கீழே இறங்கியதும் குழந்தையின் முதுகு சூரியனுக்கு, முகம் உங்களுக்கு. கண் கூசாது. எண்ணெய் வைத்த தலைமுடியின் ஓரம் முழுக்க வெளிச்சக் கோடு போட்ட மாதிரி மின்னும்.

கேமரா பின்னாலிருக்கும் வெளிச்சத்தைப் பார்த்து ஏமாந்து, முகத்தை இருட்டாக்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணக்கிட்ட வெளிச்சத்தை நாம் கூட்டிக் குறைக்கும் வசதி) +1 வரை ஏற்றுங்கள். மாநிறம், கறுப்பு எதுவானாலும், தோலின் உண்மையான நிறம் தெரியும் அளவுக்கு மட்டும். அதற்கு மேல் ஏற்றி வெளுக்க வைப்பது தப்பான வெளிச்சம்தான். அதை அழகு என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

ஃபோகஸ் தடுமாறினால் லென்ஸில் நேரடியாக வெயில் விழுகிறது என்று பொருள். ஒருவரை உங்கள் தலைக்கு மேல் கையால் நிழல் பிடிக்கச் சொல்லுங்கள். அல்லது குழந்தைக்குப் பின்னால் சூரியன் ஒரு மரத்தின் தண்டுக்குப் பின்னே மறையும்படி ஓர் எட்டு நகருங்கள். முன்னால் தெர்மாகோல் பிடித்தால் முகம் இன்னும் தெளியும். சோப்புக் குமிழி ஊதுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. எதிர்வெயிலில் ஒவ்வொரு குமிழியும் நிறம் காட்டும். மற்ற நேரத்தில் அவ்வளவாகத் தெரியாது.

10. தேர்வு, திருத்தம், அச்சு

அன்றிரவே தேர்ந்தெடுங்கள். முதல் சுற்றில் கண் தெளிவில்லாதவை, கண் மூடியவை எல்லாம் போகட்டும். அடுத்து, ஒரே சிரிப்பில் நான்கு படம் இருந்தால் ஒன்று. இருநூறு எடுத்து இருபது மிஞ்சினால் நல்ல வேலை.

திருத்தத்தில் முதலில் வெள்ளைச் சமநிலை (ஒயிட் பேலன்ஸ்), அதாவது படத்தின் நீல, மஞ்சள் சாயலைச் சரிசெய்வது. நிழலில் எடுத்தவை நீலமாக இருக்கும், கொஞ்சம் மஞ்சள் பக்கம் தள்ளுங்கள். பிறகு வெளிச்சம், பிறகு வெட்டுதல். தோலை வழுவழுப்பாக்கும் கருவியைத் தொட வேண்டாம். கொசுக்கடித் தழும்பை மட்டும் எடுக்கலாம்.

வெளியே பகிர்வதாக இருந்தால் சட்டையிலோ பையிலோ பள்ளிப் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். கைபேசிப் படத்தில் இருப்பிட விவரத்தை நீக்குங்கள். குளிக்கும் படம், உடையில்லாத படம் வீட்டு ஆல்பத்தோடு நிற்கட்டும். பின்னணியில் பிறர் குழந்தை தெளிவாக விழுந்திருந்தால், அவர்கள் பெற்றோரைக் கேட்காமல் பகிரக் கூடாது.

இருபதில் ஐந்தையாவது அச்சுப் போடுங்கள். பிள்ளைகளும் அப்பத்தாக்களும் கையில் எடுத்துப் பார்க்கும் படம் என்பதால் பளபளப்புத் தாள் வேண்டாம், விரல் ரேகை பதியும். மேட் தாள் கேளுங்கள். கொடுக்கும்போதே “கலர் கரெக்ஷன் பண்ணாதீங்க, இருக்கிறபடியே போடுங்க” என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சில லேப்களில் முகத்தை எல்லாம் தாங்களே ஒரு படி வெளுத்துத்தான் தருவார்கள். முதலில் ஒரே ஒரு படத்தைப் போடச் சொல்லி, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.